சூடேறி அணைந்துபோகும் பழைய மடிக்கணினி: திங்க்பேட் டி430-க்கு ஒரு விரிவான பதில்

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. மகளின் படிப்புக்காகப் பழைய லெனோவா திங்க்பேட் டி430 ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். உள்ளே இருப்பது ஐ5-3320எம் பிராசஸர். காணொளி வகுப்பு தொடங்கி இருபது நிமிடத்துக்குள் விசிறி இரைகிறது, தட்டச்சு செய்த எழுத்து திரைக்கு வரத் தாமதமாகிறது, சில நாட்களில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கணினி அணைந்துவிடுகிறது. கடையில் ப்ளோயரால் ஊதிக் கொடுத்தார்கள், அடியில் வைக்கும் விசிறிப் பலகையான கூலிங் பேடும் வாங்கி வைத்தீர்கள், இரண்டாலும் மாற்றமில்லை. இப்போது மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா என்பது உங்கள் கேள்வி.

செய்யாதீர்கள், குறைந்தபட்சம் இப்போதைக்கு வேண்டாம். இந்த வயதுக் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பிரித்துப் பூட்டிவருகிறேன். நீங்கள் சொல்லும் அறிகுறிகளோடு என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை விசிறிக்குப் பின்னால் அடைத்திருந்த தூசியாலும், பிராசஸரின் வெப்பத்தை அதன் மேலுள்ள உலோகத்துக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்ற பசை காய்ந்துபோனதாலும் தவித்தவைதான். உங்களுடையதும் அப்படித்தானா என்பதைப் பிரிப்பதற்கு முன்பே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முதலில் அளக்க வேண்டும்.

விண்டோஸ் என்றால் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். லினக்ஸ் என்றால் எல்எம்-சென்சார்ஸ் போதும். கணினியைச் சும்மா விட்டு பத்து நிமிடம் கழித்து ஒருமுறையும், வழக்கமாக எந்த வேலையில் அணைகிறதோ அந்த வேலையைக் கொடுத்து ஒருமுறையும், பிராசஸரின் வெப்பநிலையையும் விசிறியின் சுழற்சி வேகத்தையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். அப்போதைய அறை வெப்பநிலையையும் கூடவே எழுதுங்கள். காற்றால் குளிரும் எந்தக் கருவியும் அறைக் காற்றைவிடக் குளிர்ந்துவிட முடியாது. அறை ஒரு டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். குளிர்சாதன அறையில் 25 டிகிரியில் பார்த்த எண்ணையும் மே மாத மதியத்தில் 37 டிகிரியில் பார்த்த எண்ணையும் ஒப்பிட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

இங்கே ஒரு முக்கியமான சரிபார்ப்பு உண்டு. திடீரென்று அணைகிறது என்றாலே வெப்பம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செல் இற்றுப்போன பேட்டரியும், தளர்ந்த சார்ஜர் முனையும்கூட அதே அறிகுறியைத்தான் காட்டும். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் அளவீடுகளைக் கோப்பாகப் பதிவுசெய்யும் வசதி இருக்கிறது. அதை ஓடவிட்டு வேலையைத் தொடருங்கள். கணினி அணைந்த பிறகு மீண்டும் இயக்கி அந்தக் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். அங்கே நூறு டிகிரியை ஒட்டிய எண் இருந்தால் வெப்பம்தான் குற்றவாளி. 70 என்றோ 75 என்றோ இருந்தால், நான் கீழே சொல்லப்போகும் எதுவும் உங்கள் சிக்கலைத் தீர்க்காது. மின்சாரம் வரும் வழியைத்தான் ஆராய வேண்டும். உங்கள் பிராசஸருக்கு இன்டெல் குறித்திருக்கும் உச்ச வரம்பு 105 டிகிரி. அதை நெருங்கும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; எழுத்துகள் தாமதமாக வருவது அதனால்தான். அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ளக் கணினி அணைந்துவிடும். அணைவது பழுதின் அறிகுறிதான் என்றாலும், மதர்போர்டு இன்னும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கும் அதுவே அடையாளம்.

எண் எவ்வளவு என்பதைவிட அது எப்படி ஏறுகிறது என்பது அதிகம் சொல்லும். வேலை கொடுத்த ஓரிரு நொடியிலேயே 50-லிருந்து 95-க்குத் தாவி, வேலையை நிறுத்தியதும் அதே வேகத்தில் சரிந்தால், வெப்பம் பிராசஸரை விட்டே வெளியேறவில்லை என்று பொருள். பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது பிராசஸரின் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க் என்ற உலோக அமைப்பு சரியாக அமரவில்லை. மாறாக, ஐந்து பத்து நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறி, நிறுத்தியபின் மெல்லவே இறங்கினால், வெப்பம் ஹீட் சிங்க் வரை வந்துவிட்டது, அங்கிருந்து வெளியே போகத்தான் வழியில்லை. தூசி அடைப்பு, அல்லது விசிறியின் தளர்ச்சி.

கையை வைத்தே இதை உறுதிசெய்யலாம். கணினி உச்ச வெப்பத்தில் இருக்கும்போது காற்று வெளிவரும் பக்கவாட்டுச் சல்லடைக்கு முன்னால் உள்ளங்கையை இரண்டு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். காற்று பலமாகவும் சூடாகவும் வந்தால் குளிரூட்டும் அமைப்பு உழைக்கிறது. வேலைச் சுமைதான் அதிகம். விசிறி பெரிதாக இரைந்தும் கையில் படுவது கொதிநீர்ப் பாத்திரத்தின் மூடியோரம் கசியும் ஆவிபோல மெலிந்து சூடாக இருந்தால் அடைப்பு. பிராசஸர் 95 காட்டும்போது காற்று பலமாகவும் வெதுவெதுப்பாகவும் மட்டும் வந்தால் பேஸ்ட். இருபது நிமிடம் கழித்துச் சிக்கல் தொடங்குகிறது என்கிறீர்கள். அதைக் கேட்டதுமே எனக்கு முதலில் அடைப்பின் மீதுதான் ஐயம் வருகிறது. அதனோடு பேஸ்ட்டும் காய்ந்திருக்கலாம்.

கடையில் ஊதியும் ஏன் போகவில்லை என்பதற்கு உள்ளமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிராசஸரின் மேல் ஒரு செப்புத் தகடு அமர்ந்திருக்கிறது. அதிலிருந்து ஹீட் பைப் என்னும் தட்டையான செப்புக் குழாய் கிளம்புகிறது. அதனுள் காற்றழுத்தம் குறைக்கப்பட்டுச் சிறிதளவு நீர் மட்டும் அடைக்கப்பட்டிருப்பதால், சூடான முனையில் நீர் எளிதில் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே வெப்பத்தை விட்டு நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பிவிடுகிறது. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் செய்துகாட்டிய அதே முறைதான் இன்று நம் மேசையில் வேலை செய்கிறது என்பதை ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் வியப்போடு நினைத்துக்கொள்வேன். அந்தக் குளிர்ந்த முனையில், சீப்பின் பற்களைப்போல நெருக்கமாக, மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கின்றன. விசிறி கீழிருந்து காற்றை உறிஞ்சி அந்தத் தகடுகளின் இடைவெளி வழியே வெளியே தள்ளுகிறது.

தூசி தங்கும் இடம் விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே. உறிஞ்சப்பட்ட நூலிழை, தலைமுடி, மெத்தைப் பஞ்சு எல்லாம் தகடுகளின் உள்முகத்தில் வந்து மோதி, ஆண்டுக்கணக்கில் படிந்து, ஒரு கம்பளித் துண்டைப்போல நெய்யப்பட்டுவிடுகின்றன. சாம்பல் நிறத்தில், விரல் நீளத்தில், சில மில்லிமீட்டர் தடிப்பில் அதை இடுக்கியால் முழுதாக உரித்தெடுத்திருக்கிறேன். உரித்ததைக் கையில் வைத்துப் பார்த்தால் தகடுகளின் வரிவடிவம் அப்படியே அச்சாகப் பதிந்திருக்கும். வெளிச் சல்லடையிலிருந்து ஊதினால் அந்தத் துண்டு நொடிப்பொழுது விசிறிப் பக்கம் விலகி, விசிறி மீண்டும் சுழன்றதும் பழைய இடத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். வெளியே கொஞ்சம் தூசி பறப்பதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். கூலிங் பேட் பயன்படாததற்கும் இதுவே காரணம். வெளியேறும் வாசல் அடைபட்டிருக்கும்போது உள்ளே வரும் வாசலில் இன்னொரு விசிறி வைத்து என்ன பயன்?

ஆகவே பிரித்தே ஆக வேண்டும். டி430 இதற்கு ஏற்ற கணினி. ஒவ்வொரு திருகின் இடத்தையும் நீளத்தையும் படத்தோடு காட்டும் பழுதுபார்ப்புக் கையேட்டை லெனோவா நிறுவனமே இலவசமாக வெளியிட்டிருக்கிறது. அதைத் தரவிறக்கி இன்னொரு திரையில் திறந்துவைத்துக்கொண்டு, அதன் வரிசைப்படியே செல்லுங்கள். நான் இங்கே திருகு திருகாகச் சொல்வதைவிட அது நம்பகமானது. கையேடு சொல்லாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, மின்பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிய பிறகே திருகில் கை வையுங்கள். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட பிற்கால மாதிரி வைத்திருப்பவர்கள் பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பைக் கழற்ற வேண்டும். அந்தப் பேட்டரி உப்பியிருந்தால், எதையும் அழுத்தாமல், குத்தாமல் அப்படியே நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். அதில் விளையாடக் கூடாது. பிரித்த திருகுகளை ஒரே கிண்ணத்தில் போடாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் கணினியின் அடிப்பாகத்தை வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் செல்லோ டேப்பால் ஒட்டிவையுங்கள். நீளத் திருகைக் குட்டைத் திருகின் குழியில் முடுக்கினால் அது மறுபக்கம் துளைத்துக்கொண்டு வரும். நல்ல மதர்போர்டு அப்படிப் பாழானதைப் பார்த்திருக்கிறேன். விரல் நகத்தளவே இருக்கும் ரிப்பன் இணைப்புகளை வயரைப் பிடித்து இழுக்காமல், கொக்கியை விடுவித்து எடுக்க வேண்டும்.

ஹீட் சிங்க்கைக் கழற்றுவதற்கு முன்பு கணினியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்திருந்தால் பழைய பேஸ்ட் சற்று இளகியிருக்கும். திருகுகளை ஒவ்வொன்றாக முழுதும் கழற்றாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மேலே எண்கள் பொறித்திருந்தால் பூட்டும்போது அந்த வரிசையைப் பின்பற்றுங்கள். ஸ்க்ரூடிரைவரை நெம்புகோலாக்கித் தூக்கவே கூடாது. மேசைக் கணினியில் இருப்பதுபோல இந்தப் பிராசஸருக்கு உலோக மூடி கிடையாது. கண்ணாடிபோல மின்னும் சிலிக்கான் துண்டு திறந்தபடியே இருக்கிறது, அதன் மூலை உடைந்தால் பிராசஸர் போயிற்று. மெல்லத் திருகியபடி அசைத்தால் தானே விட்டுவிடும்.

வெளியே எடுத்ததும் விசிறியையும் தகடுகளையும் இணைத்து ஒட்டியிருக்கும் நாடாவை உரித்து, அந்தக் கம்பளித் துண்டை இடுக்கியால் எடுத்துவிடுங்கள். மிச்சத்தைப் பழைய மென்மையான பெயிண்ட் பிரஷால் தட்டலாம். காற்று அடிப்பதானால் விசிறியின் இதழை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் அது தன் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் கொண்டுபோய்க் காட்டும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெய்த் துளியும் கலந்துவரும், வேண்டாம். நாடா தளர்ந்துவிட்டால் புதிய நாடா ஒட்டுங்கள். அந்த இடுக்கு திறந்திருந்தால் காற்று தகடுகள் வழியே போகாமல் பக்கவாட்டில் நழுவிவிடும்.

இனி பேஸ்ட். பத்து ஆண்டு பழைய பேஸ்ட்டைப் பார்த்தால், வெற்றிலைப் பெட்டியின் மூடியில் காய்ந்து வெடித்த சுண்ணாம்பு நினைவுக்கு வரும். சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். அதை 90 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையுள்ள ஐசோப்ரோப்பில் ஆல்கஹாலில் நனைத்த நூல் பிரியாத துணியால், சிலிக்கானில் உங்கள் முகம் தெரியும்வரை துடையுங்கள். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கி ஆகியவை படிவை விட்டுச்செல்லும், பிளாஸ்டிக்கையும் தின்னும். புதிய பேஸ்ட்டாக ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, நாக்டுவா என்டி-எச்1 போன்ற மின்கடத்தாத வகை ஒன்று போதும். எது சிறந்தது என்று அலசுவதில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை, ஏனென்றால் நல்ல பேஸ்ட்டுகளுக்கு இடையிலான வித்தியாசம் ஓரிரு டிகிரி, காய்ந்த பேஸ்ட்டுக்கும் எந்தப் புதிய பேஸ்ட்டுக்கும் இடையிலான வித்தியாசமோ அதைப்போலப் பலமடங்கு. பச்சரிசி மணி ஒன்றின் அளவு எடுத்து, சிலிக்கானின் நான்கு மூலைகளும் மூடும்படி பழைய ஏடிஎம் அட்டையின் ஓரத்தால் மெல்லப் பரப்புங்கள். மூடியில்லாத பிராசஸரில் ஒரு மூலை விடுபட்டாலும் அந்த இடம் தனியே கொதிக்கும். லிக்விட் மெட்டல் என்ற பெயரில் விற்பதைத் தொட வேண்டாம். அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும். ஒரு துளி சிந்தினாலும் ஷார்ட் ஆகிவிடும்.

வேறு சில்லுகளின் மேல் பஞ்சுபோன்ற தெர்மல் பேட் ஒட்டியிருந்தால் அதைப் பேஸ்ட்டால் ஈடுகட்ட முடியாது. அது இடைவெளியை நிரப்புவதற்காக அளந்து வைக்கப்பட்டது. கிழிந்திருந்தால் அதே தடிப்பில் வாங்குங்கள். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 மில்லிமீட்டர் வைத்தால் ஹீட் சிங்க் தூக்கிக்கொண்டு பிராசஸரைத் தொடாமல் நின்றுவிடும். சரிசெய்யப் போய் முன்னைவிட மோசமாக்கியவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் தவறியிருக்கிறார்கள்.

விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். தடங்கலின்றிச் சில சுற்றுகள் ஓடி நிற்க வேண்டும். கரகரத்தாலோ மேலும் கீழும் ஆடினாலோ மாற்றுவதே முறை. தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில வாரங்கள் அமைதியாக இருக்கும், அதற்குமேல் நம்ப முடியாது. திங்க்பேடில் விசிறி சுழலவில்லை என்றால் தொடங்கும்போதே விசிறிப் பிழை என்ற செய்தியைக் காட்டி நின்றுவிடும். புதிதாக வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: டி430-இல் இன்டெல் கிராபிக்ஸ் மட்டும் உள்ளதும், என்விடியா என்விஎஸ் 5400எம் என்ற தனிக் கிராபிக்ஸ் சில்லு சேர்ந்ததும் என இரு வகை உண்டு, இரண்டின் ஹீட் சிங்க்கும் வேறு வேறு.

பூட்டி முடித்ததும், முதல் நாள் எழுதிய அதே வேலையை, கூடுமானவரை அதே அறை வெப்பநிலையில் கொடுத்து அளந்து பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 35 வாட் பிராசஸர் இது. சுத்தமான ஹீட் சிங்க் அதை எளிதாகத் தாங்கும். முழுச் சுமையில் 80 முதல் 85-க்குள் நின்றால் நம் கோடைக்கு அது நல்ல எண். நொடியில் தாவும் பழக்கம் மட்டும் இன்னும் இருந்தால் ஹீட் சிங்க் கோணலாக அமர்ந்திருக்கிறது. மீண்டும் கழற்றித்தான் ஆக வேண்டும். பிராசஸர் முனையில் குழாய் தொட முடியாத சூட்டோடும் தகட்டு முனையில் குளிர்ந்தும் இருந்தால் ஹீட் பைப்பே செயலிழந்துவிட்டது. அதை யாராலும் பழுதுபார்க்க முடியாது, முழு அசெம்பிளியையும் மாற்ற வேண்டும்.

மென்பொருளைப் பற்றி இத்தனை நேரம் பேசாததற்குக் காரணம், அடைப்பை வைத்துக்கொண்டு அங்கே தொடங்கினால் நோயை மறைத்ததாகத்தான் ஆகும் என்பதே. சுத்தம் செய்தபின் அதற்கும் இடம் உண்டு. விண்டோஸின் மின்பயன்பாட்டு அமைப்பில் பிராசஸரின் உச்ச நிலையை 100-லிருந்து 99 விழுக்காடாக மாற்றினால் டர்போ என்ற தற்காலிக வேகக் கூட்டல் நின்றுவிடும், 3.3 கிகாஹெர்ட்ஸ் வரை தாவுவது 2.6-இல் நின்றுகொள்ளும். வகுப்புக்கும் எழுத்து வேலைக்கும் இந்த வித்தியாசம் தெரியாது, வெப்பத்தில் நன்றாகவே தெரியும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. இந்தத் தலைமுறைப் பிராசஸரில் எச்.264 என்ற முறையில் சுருக்கப்பட்ட காணொளியை விரிக்கத் தனிச் சுற்று இருக்கிறது. பின்னால் வந்த விபி9, ஏவி1 வகைகளுக்கு இல்லை. யூடியூப் அந்தப் புதிய வகைகளை அனுப்பும்போது முழு வேலையும் பிராசஸரின் தலையில் விழுகிறது. எச்264இஃபை போன்ற உலாவி நீட்சியை நிறுவினால் யூடியூப் பழைய வகையை அனுப்பும். பதிவுசெய்த பாடங்களை மகள் மணிக்கணக்கில் பார்ப்பதானால் இது ஒன்றே விசிறியின் இரைச்சலைப் பெரிதும் தணித்துவிடும்.

பிராசஸருக்குத் தரும் மின்னழுத்தத்தைக் குறைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருள் கொண்டு அதைச் செய்யும் வசதி 2013-இல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்துதான் பரவலாகக் கிடைத்தது. உங்களுடையது மூன்றாம் தலைமுறை. பிந்தைய மாதிரிகளிலும், 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபின் பல நிறுவனங்கள் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக அந்த வசதியைப் பூட்டிவிட்டன. அதை விட்டுவிடுங்கள்.

மதர்போர்டு என்று சொன்ன கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. வெப்பம் உண்மையிலேயே சில்லுகளைக் கொல்லும். சூடாகி ஆறி, சூடாகி ஆறிச் சில்லுக்கடியிலுள்ள நுண்ணிய பற்றவைப்புகள் விரிசல் விடுவது நடக்கக்கூடியதே. தன் மடிக்கணினி கிராபிக்ஸ் சில்லுகளில் வழக்கத்துக்கு மீறிப் பழுது வருகிறது என்று 2008 ஜூலையில் அறிவித்த என்விடியா, அந்தச் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கவேண்டி வந்தது. ஆனால் அப்படிப் போன கணினி திரையில் கோடுகளைக் காட்டும், அல்லது படமே தராது. அணைந்தபின் பதினைந்து நிமிடம் ஆறவிட்டால் எந்தக் குறையுமின்றி மீண்டும் ஓடும் உங்கள் கணினியின் நடத்தை அப்படிப்பட்டதல்ல.

மகள் அதை மெத்தைமேல் வைத்துப் படிப்பதாக எழுதியிருந்தீர்கள். டி430 அடிப்பாகத்தின் வழியே மூச்சு விடுகிறது. மெத்தை அந்த வாயைப் பொத்துகிறது, போதாக்குறைக்குப் பஞ்சையும் ஊட்டுகிறது. ஒரு பலகையோ பரீட்சை அட்டையோ அடியில் இருக்கட்டும். எண்கள் எழுதிய தாளைப் பேட்டரிக்கு அடியில் மடித்து வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு சித்திரை பிறக்குமுன் அதே வேலையைக் கொடுத்து மறுபடி அளந்து, பத்து டிகிரிக்கு மேல் ஏறியிருந்தால் மட்டும் திருகைத் தொட்டால் போதும்.